இயங்க மறுக்கும் கம்ப்யூட்டர்

காலையில் பள்ளி அலுவலகம் திறக்கப்படுகிறது. ஆசிரியர் மேசைக் கம்ப்யூட்டரின் பொத்தானை அழுத்துகிறார். விளக்கு எரியவில்லை, விசிறி சுழலவில்லை, திரையில் ஒன்றும் தோன்றவில்லை. மாணவர்களின் மதிப்பெண்கள் யாவும் அதனுள்ளே இருக்கின்றன. அவற்றை அனுப்ப வேண்டிய கடைசி நாளோ மறுநாள். பழுது பார்ப்பவர் நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால் நகரத்தில் இருக்கிறார். வட்டார வேளாண்மை அலுவலகத்திலும், ஆரம்ப சுகாதார நிலையத்திலும், வனச் சரகர் அலுவலகத்திலும் இத்தகைய காலைப் பொழுதுகள் வருவதுண்டு. கம்ப்யூட்டர் செத்துவிட்டது என்று முடிவு கட்டி, அதைத் துணியால் மூடி வைத்துவிட்டுக் காத்திருப்பதே பலருடைய வழக்கமாக இருக்கிறது.

இம்முடிவு பல சமயங்களில் அவசர முடிவேயாகும். கம்ப்யூட்டர் இயங்காததற்கு அதன் நுட்பமான உறுப்புகள் காரணமாக இருப்பதைக் காட்டிலும், மின்சாரம் அவ்வுறுப்புகளை எட்டாமலிருப்பதே காரணமாக இருப்பது மிகுதி. சுவரிலிருந்து புறப்படும் மின்சாரம் எவ்வழியே செல்கிறது, எங்கெங்கே தடைப்படக்கூடும் என்று அறிந்தவர், திருகாணி ஒன்றையும் கழற்றாமலே பாதி வழியைச் சோதித்துவிடலாம்.

இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டப்பட்ட டிஃப்ராக் என்னும் கம்ப்யூட்டர் பம்பாயில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் 1960-ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கியது. அதில் சுமார் 2,700 வால்வுகள் இருந்தன. ஆனால் அதன் அருகிலேயே அதைக் கட்டிய எஞ்சினீயர்களும் இருந்தார்கள். இன்றைய மேசைக் கம்ப்யூட்டரின் அருகில் இருப்பவர் ஆசிரியர் ஒருவர் மட்டுமே. அவர் கையில் டெஸ்டர் ஒன்று இருந்தால் அதுவே அதிகம்.

இருள் இரு வகை

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்ள வேண்டும். திரை இருண்டிருப்பதும் கம்ப்யூட்டர் இயங்காமலிருப்பதும் ஒன்றல்ல. மானிட்டருக்குத் தனியாக ஒரு பவர் கார்டும், தனியாக ஒரு பொத்தானும் உண்டு. அது அணைந்திருந்தாலும், அதனைப் பெட்டியுடன் இணைக்கும் வயர் தளர்ந்திருந்தாலும் திரை கறுப்பாகவே இருக்கும். பெட்டியோ உள்ளே ஒழுங்காக இயங்கிக் கொண்டிருக்கும். ஆகவே கண்ணைத் திரையினின்று அகற்றி, காதைப் பெட்டியருகே வைக்க வேண்டும். விசிறியின் ஓசை கேட்கிறதா? முன்புறச் சிறு விளக்கு எரிகிறதா? இவ்விரண்டும் இருக்குமாயின் மின்சாரம் வந்துவிட்டது என்று பொருள். அப்போது கோளாறு வேறிடத்தில் தேடப்பட வேண்டும். இவ்விரண்டும் இல்லாத நிலையே இக்கட்டுரையின் முதன்மைப் பொருள்.

பெட்டி முழுவதையும் ‘சி.பி.யு.’ என்று அழைப்பது அலுவலக வழக்கமாகிவிட்டது. உண்மையில் அப்பெயர் உள்ளேயுள்ள ஒரு சில்லுக்கு மட்டுமே உரியது. பழுது பார்ப்பவரிடம் “சி.பி.யு. போய்விட்டது” என்று சொல்லும்போது இந்த வேற்றுமையால் வீண் குழப்பமும், சில வேளைகளில் வீண் செலவும் விளைவதால், பெட்டி என்றே சொல்வது நலம்.

சுவரிலிருந்து தொடங்குதல்

நம் நாட்டில் வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் வழங்கப்படுவது 230 வோல்ட், விநாடிக்கு 50 சுழற்சி கொண்ட மாறுதிசை மின்சாரம். சாக்கெட்டில் அது இருக்கிறதா என்பதை அறிய டெஸ்டரைச் செருகிப் பார்ப்பது வழக்கம். டெஸ்டரின் நியான் விளக்கு எரிந்தால் மின்சாரம் இருப்பதாகக் கொள்கிறார்கள். இது பாதி உண்மையே. டெஸ்டர் பேஸ் வயரில் மின்னழுத்தம் இருப்பதை மட்டுமே காட்டும். நியூட்ரல் வயர் அறுந்திருந்தாலும் அது எரியத்தான் செய்யும். ஆனால் திரும்பிச் செல்ல வழியின்மையால் கம்ப்யூட்டருக்குள் மின்சாரம் பாயாது. ஆகவே அதே சாக்கெட்டில் ஒரு மேசை விளக்கைச் செருகிப் பார்ப்பதே நம்பத்தக்க சோதனை. விளக்கு மங்கலாகவோ துடித்துத் துடித்தோ எரிந்தால் சாக்கெட்டின் தொடர்பு தளர்ந்துள்ளது எனக் கொள்ளலாம். சாக்கெட்டின் துளைகளைச் சுற்றிப் பழுப்புக் கறை தென்பட்டால் அங்கு உஷ்ணம் மிகுந்திருக்கிறது; அதனை மாற்றும் வரை அதில் எதையும் செருகலாகாது.

சாக்கெட்டுக்கும் பெட்டிக்கும் இடையே பெரும்பாலும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றும் யு.பி.எஸ். ஒன்றும் இருக்கும். இவற்றை ஐயுற்ற பின்னரே கம்ப்யூட்டரை ஐயுறுவது முறை. மின்தடையின்போது சிறிது நேரம் மின்சாரம் தரும் யு.பி.எஸ்.-ஸினுள் ஈயத் தகடுகளாலான பாட்டரி இருக்கிறது. சில ஆண்டுகளில் அது வலுவிழந்துவிடும். வலுவிழந்த பாட்டரியை உடைய யு.பி.எஸ். சில, சுவரில் மின்சாரம் இருந்தும் வெளியே தர மறுக்கும். லேசர் பிரிண்டரையும் அதே யு.பி.எஸ்.-ஸில் செருகி வைக்கும் பழக்கமும் சில அலுவலகங்களில் காணப்படுகிறது. அச்சிடும்போது மையை உருக்குவதற்காக அந்த பிரிண்டர் திடீரென மிகுந்த மின்சாரத்தை இழுக்கும்; யு.பி.எஸ். தாங்காது தன்னை நிறுத்திக் கொள்ளும். இந்த ஐயம் முழுவதையும் தீர்க்க ஒரே வழி, பெட்டியின் பவர் கார்டை நன்றாக உள்ள சுவர் சாக்கெட்டில் நேராகச் செருகிப் பார்ப்பதுதான். கம்ப்யூட்டர் உயிர் பெற்றால் குற்றவாளி வெளியிலேயே அகப்பட்டுவிட்டான்.

பவர் கார்டின் மறுமுனை பெட்டியின் பின்புறத்தில் செருகப்படுகிறது. மேசையைத் துடைக்கும்போதும் நகர்த்தும்போதும் இது அரைகுறையாக வெளியே வந்துவிடும். பார்வைக்குச் செருகியிருப்பது போலவே தோன்றும். அழுத்திச் செருக வேண்டும். மானிட்டருக்கும் பெட்டிக்கும் பெரும்பாலும் ஒரே வகைக் கார்டு உபயோகிக்கப்படுவதால், ஒன்றை மற்றொன்றுக்கு மாற்றிப் பார்த்தால் கார்டு பழுதா என்பது உடனே தெரிந்துவிடும். இங்கும் இனி வரும் சோதனைகளிலும் ஒரு விதி உண்டு: ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். மூன்றை ஒருங்கே மாற்றி, கம்ப்யூட்டரும் இயங்கிவிட்டால், எது பழுதென்பது ஒருபோதும் தெரியாது.

பின்புறத்திலேயே சிறு ஸ்விட்ச் ஒன்றும் இருப்பதுண்டு. அதில் கோடு ஒரு புறமும் வட்டம் ஒரு புறமும் பொறிக்கப்பட்டிருக்கும். கோட்டின் பக்கம் அழுந்தியிருந்தால் மின்சாரம் செல்லும். வட்டத்தின் பக்கம் அழுந்தியிருந்தால் செல்லாது. பழைய பெட்டிகளில் இதனருகே 115, 230 என்று குறித்த சிவப்பு ஸ்விட்ச் ஒன்றும் காணப்படும். இது விளையாட்டுப் பொருளன்று. இந்தியாவில் இது எப்போதும் 230-லேயே இருக்க வேண்டும். 115-க்குத் தள்ளிவிட்டு 230 வோல்ட் கொடுத்தால், உள்ளேயுள்ள சுற்று அதனை இரட்டிப்பாக்க முற்பட்டு, சுமார் 650 வோல்ட் வரை உயர்த்திவிடும். கண்டென்சர்கள் வெடியோசையுடன் அழியும். மாணவர் கை எட்டும் இடத்திலுள்ள பெட்டிகளில் இந்த ஸ்விட்சின்மேல் நாடா ஒட்டி வைப்பது சிறிய வேலைதான்.

விரலில் உணரும் ஊறல்

பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டால் விரலில் எறும்பு ஊர்வது போன்ற உணர்ச்சி உண்டாவதாகப் பலர் சொல்வார்கள். இது கற்பனையன்று. மின் இரைச்சலை அடக்கும் பொருட்டுப் பேஸ் வயருக்கும் பெட்டிக்கும் இடையே ஒன்றும், நியூட்ரலுக்கும் பெட்டிக்கும் இடையே ஒன்றுமாகச் சிறு கண்டென்சர்கள் வைக்கப்பட்டிருக்கின்றன. எர்த் இணைப்பு ஒழுங்காக இருக்குமாயின் அவற்றின் வழியே கசியும் அற்ப மின்சாரம் பூமிக்குச் சென்றுவிடும். எர்த் இல்லையெனில் பெட்டி நடுவே தொங்கி நிற்கும். அதன் மின்னழுத்தம் வழங்கீட்டில் ஏறக்குறைய பாதியாக, 115 வோல்ட்டை ஒட்டியதாக இருக்கும். கசிவது ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவே ஆதலின் அந்த ஊறல் உயிரைப் போக்குவதில்லை. ஆனால் எர்த் இல்லை என்பதை அது அறிவித்துவிடுகிறது. நாளை உண்மையான கசிவு ஒன்று ஏற்படுமாயின், அம்மின்சாரம் செல்வதற்குத் தொடுபவரின் உடல் ஒன்றே வழியாக அமையும். மூன்று முனைப் பிளக்கின் பெரிய முனை சாக்கெட்டில் பொருந்தவில்லை என்று அதனை ஒடித்துவிட்டு உபயோகிப்பதைக் காட்டிலும் மோசமான வழக்கம் வேறில்லை. ஊறல் உணரப்பட்டால், கம்ப்யூட்டரின் மற்றக் கோளாறுகளை ஒதுக்கிவிட்டு மின்பணியாளரை அழைத்து எர்த்தைச் சரிசெய்வதே முதல் வேலை.

பொத்தான் செய்வது யாது?

மின்விளக்கின் ஸ்விட்ச் மின்சாரத்தையே இணைக்கவும் துண்டிக்கவும் செய்கிறது. தொடக்க கால மேசைக் கம்ப்யூட்டர்களிலும் அவ்வாறே இருந்தது. 1995-ஆம் ஆண்டு இன்டெல் நிறுவனம் வெளியிட்ட ஏ.டி.எக்ஸ். என்னும் அமைப்பு முறை இதனை மாற்றிவிட்டது. அம்முறையைப் பின்பற்றும் கம்ப்யூட்டர்களில் முன்புறப் பொத்தான் எதையும் இணைப்பதில்லை. அது ஒரு வேண்டுகோளை மட்டுமே விடுக்கிறது.

பெட்டியினுள் எஸ்.எம்.பி.எஸ். என்ற தகரக் கூடு ஒன்று இருக்கிறது. 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தைப் பெற்று, 12, 5, 3.3 வோல்ட் நேர்திசை மின்சாரங்களாக மாற்றித் தருவது அதன் பணி. அது முதலில் மாறுதிசை மின்சாரத்தைச் சுமார் 325 வோல்ட் நேர்திசை மின்சாரமாக்குகிறது. பின்னர் அதனை விநாடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டிச் சிறு டிரான்ஸ்ஃபார்மர் வழியே செலுத்துகிறது. சுவரில் ஸ்விட்ச் போடப்பட்டிருக்கும் வரை, கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதும், 5 வோல்ட் கொண்ட ஒரு சிறு ஓடையை மட்டும் அது விடாது மதர்போர்டுக்கு அனுப்பிக் கொண்டிருக்கிறது. இதனைக் காத்திருப்பு மின்சாரம் எனலாம். பொத்தானை அழுத்தியதும் மதர்போர்டு இந்தச் சிறு மின்சாரத்தின் துணையால் அதை அறிந்து, எஸ்.எம்.பி.எஸ்.-ஸுக்கு ஒரு வயரின் மூலம் கட்டளை இடுகிறது. எஸ்.எம்.பி.எஸ். மற்ற மின்சாரங்களைத் தொடங்கி, அவை நிலைபெற்றபின், எல்லாம் சரி என்று மற்றொரு வயரில் பதில் அனுப்புகிறது. அப்பதில் வந்த பிறகே கம்ப்யூட்டர் தன் முதல் வேலையைத் தொடங்கும். இத்தனையும் ஒரு விநாடிக்குள் நடந்து முடிகின்றன.

இவ்விவரத்தினின்று இரண்டு பயன்கள் கிடைக்கின்றன. பல மதர்போர்டுகளில் காத்திருப்பு மின்சாரம் இருக்கும்போது ஒரு சிறு விளக்கு எரிந்து கொண்டிருக்கும்; பெட்டியின் காற்றுத் துளை வழியாகவும் அதனைக் காணலாம். அது எரிந்தால் சுவர், கார்டு, எஸ்.எம்.பி.எஸ்.-ஸின் காத்திருப்புப் பகுதி ஆகியவை யாவும் நலமே. மற்றது, கம்ப்யூட்டர் அணைந்திருப்பதால் மின்சாரம் இல்லை என்று கருதிப் பெட்டிக்குள் கையிடுவது தவறு. கார்டைப் பிடுங்கிய பின்னரே திறக்க வேண்டும்.

கார்டைப் பிடுங்கிவிட்டுப் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்துப் பின் மீண்டும் செருகுவது என்ற கைவைத்தியம் பழுது பார்ப்பவர்களிடையே வழங்குகிறது. இது மூடநம்பிக்கையன்று. மின்னழுத்தம் திடீரென ஏறியோ இறங்கியோ போனால் எஸ்.எம்.பி.எஸ். தன்னைத் தானே பூட்டிக் கொள்வதுண்டு. சுவர் மின்சாரம் முற்றிலும் நீங்கி, உள்ளே தேங்கியதும் வடிந்தால்தான் அப்பூட்டு விடுபடும். இடியுடன் மழை பெய்த இரவுக்கு மறுநாள் காலையில் இந்தச் சோதனையை முதலில் செய்து பார்ப்பது பொருத்தம்.

பெட்டியைத் திறந்தபின்

எஸ்.எம்.பி.எஸ். என்ற தகரக் கூட்டைத் திறக்கலாகாது. கார்டைப் பிடுங்கிய பிறகும் அதனுள்ளேயுள்ள கண்டென்சர்கள் நூற்றுக்கணக்கான வோல்ட்டைத் தேக்கி வைத்திருக்கக்கூடும். தொட்டவரின் உயிருக்கே அபாயம் விளையும். வெளியிலுள்ள மதர்போர்டில் ஓடுவது 12 வோல்ட்டுக்கு மேற்படாத மின்சாரம். அங்கு அபாயம் மனிதருக்கன்று, உறுப்புகளுக்கே. உடலில் ஏறியுள்ள நிலைமின்சாரம் சில்லுகளைக் கெடுக்காதிருக்க, வேலை தொடங்குமுன் பெட்டியின் வர்ணம் பூசாத உலோகத்தைத் தொட்டுக் கொள்வது போதும்.

தூசியும் பல்லிமுட்டையும் எறும்புக் கூட்டமும் காணப்பட்டால் மெல்லிய தூரிகையால் அகற்ற வேண்டும். எலி கடித்த வயர்களையும் தேடுதல் நலம். அடுத்து, மதர்போர்டில் நிற்கும் உருளை வடிவக் கண்டென்சர்களின் தலைகளைக் கவனிக்க வேண்டும். அவை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியோ, பழுப்புக் கசிவுடனோ இருப்பின் நோய் கண்டறியப்பட்டுவிட்டது. 2000-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் தயாரான மதர்போர்டுகளில் தரமற்ற கண்டென்சர்களால் இக்கோளாறு உலகெங்கும் பரவலாயிருந்தது. உஷ்ணமான அறைகளில் இன்றும் இது காணப்படுகிறது.

பெட்டியின் வெளியே செருகியுள்ள பென்-டிரைவ், கீ-போர்டு, பிரிண்டர் யாவற்றையும் நீக்கிவிட்டு ஒருமுறை பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும். யு.எஸ்.பி. துளையினுள் ஒரு தகடு வளைந்து மற்றொன்றைத் தொட்டுவிட்டால் அதுவே கம்ப்யூட்டர் முழுவதையும் நிறுத்திவிடக்கூடும். அடுத்தபடியாக மதர்போர்டில் பொருந்தும் இருபத்துநான்கு முனை இணைப்பையும், பிராஸசருக்கு அருகேயுள்ள நான்கு அல்லது எட்டு முனை இணைப்பையும் கழற்றி, மீண்டும் ‘கிளிக்’ என்ற ஓசை வரும்வரை செருக வேண்டும்.

முன்புறப் பொத்தானே தேய்ந்து போயிருப்பதும் உண்டு. பல பெட்டிகளில் அதற்கருகே ரீஸெட் பொத்தான் ஒன்று இருக்கிறது. இரண்டும் அமைப்பில் ஒன்றே. மதர்போர்டில் பவர் பொத்தானின் இரு ஊசிகளிலிருந்து வயரை நீக்கி, அங்கு ரீஸெட் பொத்தானின் வயரைச் செருகினால் அதுவே பவர் பொத்தானாகிவிடும். செலவின்றித் தீரும் கோளாறு இது. இதற்காகப் பெட்டியையே நகரத்துக்குச் சுமந்து சென்றவர்களும் உண்டு.

மல்டிமீட்டர் உள்ள இடங்களில், எடுத்துக்காட்டாக மேல்நிலைப் பள்ளியின் பௌதிகச் சோதனைச் சாலையில், இனி ஒரு படி மேலே செல்லலாம். இச்சோதனைக்குக் கார்டை மீண்டும் செருக வேண்டியிருப்பதால் வயர்களன்றி வேறெதையும் தொடாதிருத்தல் அவசியம். மீட்டரை 20 வோல்ட் நேர்திசை அளவில் வைத்து, அதன் கறுப்பு முனையை இருபத்துநான்கு முனை இணைப்பின் கறுப்பு வயரிலும், சிவப்பு முனையை ஊதா வயரிலும் பின்புறமாகச் செருக வேண்டும். 4.75-க்கும் 5.25-க்கும் இடைப்பட்ட அளவு காட்டினால் காத்திருப்பு மின்சாரம் இருக்கிறது. ஒன்றுமே இல்லையெனில் எஸ்.எம்.பி.எஸ். பழுது என்று ஐயுறலாம். பின் சிவப்பு முனையைப் பச்சை வயருக்கு மாற்ற வேண்டும். முன்பு சொன்ன கட்டளை இவ்வயரில்தான் செல்கிறது. சாதாரணமாக இதில் 2 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். பொத்தானை அழுத்தியதும் ஏறக்குறையப் பூஜ்யத்துக்கு இறங்க வேண்டும். இறங்கியும் விசிறி சுழலவில்லையெனில் கட்டளை சென்றது, எஸ்.எம்.பி.எஸ். பணியவில்லை. இறங்கவே இல்லையெனில் பொத்தானோ மதர்போர்டோ கட்டளையிடவில்லை. இந்த ஒரே அளவீடு குற்றத்தை இரு பக்கத்தில் ஒரு பக்கத்துக்கு ஒதுக்கிவிடுகிறது. சில நிறுவனங்களின் பெட்டிகளில் இணைப்பு வேறு வகையாகவும், வேறு சிலவற்றில் எல்லா வயர்களும் கறுப்பாகவும் இருக்கும். அவற்றில் நிறத்தை நம்பிச் சோதித்தல் கூடாது.

பொத்தானை அழுத்தியதும் விசிறி ஒரு கணம் அசைந்து நின்றுவிடுமாயின், எங்கோ ஒரு குறுக்குச் சுற்று இருப்பதை எஸ்.எம்.பி.எஸ். உணர்ந்து பின்வாங்குகிறது எனலாம். உபரி உறுப்புகளை ஒவ்வொன்றாக நீக்கிச் சோதிக்க வேண்டும். விசிறி தொடர்ந்து ஓடியும் திரை கறுப்பாக இருப்பின் ராம் தகட்டைக் கழற்றி, அதன் பொன்னிற விளிம்பைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்துத் துடைத்து மீண்டும் பொருத்தினால் பல கம்ப்யூட்டர்கள் எழுந்துவிடுகின்றன. கடலோர ஊர்களிலும் மழைக்காலத்திலும் இது சாதாரணமாக நேர்வது. மதர்போர்டிலுள்ள காசு வடிவச் சிறு பாட்டரியின் மீது பழி போடுவோர் பலர். அது தீர்ந்தால் பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் கடிகாரமும் சில அமைப்புகளும் மறந்து போகுமேயன்றி, இயக்கம் நிற்பதில்லை.

மதிப்பெண்கள் என்ன ஆயின?

பெட்டி இயங்காமையால் அதனுள்ளிருக்கும் தகவல்கள் அழிந்துவிட்டதாகக் கருத வேண்டியதில்லை. ஹார்ட் டிஸ்கில் அவை காந்தப் பதிவாகவும், எஸ்.எஸ்.டி.-யில் சில்லுகளில் மின்னூட்டமாகவும் இருக்கின்றன. இரண்டுமே மின்சாரம் இல்லாமலும் நிலைத்திருப்பவை. எஸ்.எம்.பி.எஸ். பழுதாகும்போது டிஸ்கையும் கெடுத்துவிடுவது உண்டெனினும் அது எப்போதும் நேர்வதன்று. டிஸ்கைக் கழற்றி வேறொரு கம்ப்யூட்டரில் இணைத்து வேண்டிய தாள்களைப் பிரதி எடுக்கப் பழக்கமுள்ளவருக்கு ஒரு மணி நேரமும் ஆகாது. சில புதிய கம்ப்யூட்டர்களில் மட்டும் தகவல்கள் பூட்டப்பட்டிருக்கும். அவற்றைத் திறக்க நீண்ட மீட்பு எண் ஒன்று தேவைப்படும். அந்த எண்ணைக் கம்ப்யூட்டர் நலமாயிருக்கும் நாளிலேயே எழுதி அலுவலக அலமாரியில் வைப்பது இன்றியமையாதது. டிஸ்கைக் கழற்றி வைத்துக் கொண்டு பெட்டியை மட்டும் பழுதுக்கு அனுப்புவதிலும் தவறில்லை. மாணவர் விவரங்களும் நோயாளிகளின் பதிவுகளும் கடைக்குப் போகாதிருத்தல் நன்று.

பழுது பார்ப்பவருக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டியவை சிலவே: மேசை விளக்கு அந்தச் சாக்கெட்டில் எரிந்ததா, காத்திருப்பு விளக்கு எரிகிறதா, விசிறி அசைந்ததா, எஸ்.எம்.பி.எஸ். லேபிளில் எத்தனை வாட் என்று உள்ளது. இவை தெரிந்தால் அவர் வரும்போதே உரிய உறுப்பைக் கையோடு கொண்டு வரலாம். நாற்பது கிலோமீட்டர் இருமுறை கடக்க வேண்டியதில்லை. புதிய எஸ்.எம்.பி.எஸ். பழையதன் வாட் அளவுக்குக் குறையாமலும், அதே வகை இணைப்புகள் உடையதாகவும் இருக்க வேண்டும். நீக்கப்பட்ட பழையதில் ஈயம் உள்ளிட்ட நச்சுப் பொருள்கள் இருக்கக்கூடும் ஆதலால், அதனைப் பழைய இரும்புக் கடைக்குப் போடாமல், 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைத்து, இருப்புப் பதிவேட்டில் குறித்துக் கொள்ள வேண்டும்.